பகலுக்கு ஒருத்தி, இரவுக்கு ஒருத்தி

மகள் டெனிஷா பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து றோஸிக்கு அந்த எதிர்வீட்டுக் கதவைக் கண்ணில் காட்டக் கூடாது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில், மகளின் வீட்டுக்கு நேரெதிரே இருந்தது அந்தப் பச்சைக் கதவு. லிஃப்ட் வேலை செய்கிற நாளை விட வேலை செய்யாத நாள்தான் அங்கே அதிகம். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, படியும் ஏறி, மூச்சு வாங்க வந்து நின்று மகளின் மணியை அமத்தப் போனால், அதற்கு முன்பே பச்சைக் கதவு திறக்கும்.

"வாங்க, டெனிஷாட மம்மி. புள்ள இப்பதான் தூங்கின. மெதுவாப் போங்க."

சொல்லுங்கள் பார்ப்போம். சொந்த மகளின் வீட்டுக்குள் மெதுவாகப் போ என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னால் எந்தத் தாயின் வயிறு பொறுக்கும்?

எதிர்வீட்டு றலியா கெட்டவள் அல்ல. அதையும் முதலே சொல்லிவிட வேண்டும். கணவர் பஸீர் காலமாகி, மகள்மார் இரண்டு பேரும் கட்டாருக்குக் குடிபோன பிறகு பெரிய வீட்டில் தனியே இருந்தவள். டெனிஷா வாந்தி எடுத்தே துவண்டு கிடந்த மாதங்களில் கஞ்சியும் ஊறுகாயும் கொண்டுபோய்க் கொடுத்தவள். மருமகன் கிறிஸ்ரிக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. ஆகவே வலி கண்ட அன்று டெனிஷாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியவளும் அவள்தான். றோஸி போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, துடைத்து, துணி சுற்றி, றலியாவின் கையில் இருந்தது. பேத்தியை முதன்முதலில் றோஸி பார்த்தது அந்தக் கைகளுக்கு மேலாக எட்டித்தான்.

தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் வைத்துப் பார்ப்பது அவர்களுடைய வழக்கம். அதற்கென்று கொட்டாஞ்சேனை வீட்டில் மேல் அறைக்குப் புது வெள்ளை அடித்து வைத்திருந்தாள் றோஸி. ஆனால் அந்த வீட்டின் மரப்படி ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். கீழ் அறையில் அவள் கணவர் றேமண்ட், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துப்போய்க் கட்டிலில் கிடந்தார்.

"மம்மி, தையலோட என்னால அந்தப் படி ஏற ஏலாது," என்று டெனிஷா சொல்லிவிட்டாள். "டடாவையும் பார்த்து என்னையும் பார்த்து நீங்க விழுந்து போவீங்க. நான் இங்கயே இருக்கிறன்."

"ராவுக்கு இங்க ஆர் பாக்கிறது?"

"அன்ரி இருக்கிறா தானே."

அந்த 'தானே'யில் றோஸியின் நெஞ்சில் ஒரு முள் ஏறியது. அது பிறகு இறங்கவே இல்லை.

இப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. காலையில் றேமண்டுக்கு எல்லாம் செய்துவைத்துவிட்டு றோஸி வருவாள். பின்னேரம் றேமண்டுக்குச் சாப்பாடு கொடுக்கப் போய்விடுவாள். கிறிஸ்ரி வேலைக்குப் புறப்பட, றலியா ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமிருந்து வருவாள். விடிந்ததும் போய்விடுவாள். ஒருத்தி வர ஒருத்தி போவாள். இடையில் வாசலில் இரண்டு சொல். அதுவும் றோஸியின் பக்கத்திலிருந்து ஒரு சொல்தான்.

றோஸி தன் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது ஒன்று இருந்தது. பிள்ளை பெற்றவளின் இரத்தத் துணியை அவளைப் பெற்றவள்தான் கழுவ வேண்டும், வேறு வீட்டுக் கை படக் கூடாது என்பது அவள் தன் தாயிடமிருந்து கொண்டுவந்த பிடிவாதம். கடையில் விற்கிற பேட் சூடு என்பாள். றேமண்டின் பழைய வெள்ளைச் சாரங்களைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயவைத்து, அயர்ன் செய்து, மடித்து மடித்துக் கொண்டு வந்தாள். நனைந்த துணிகளைச் சொப்பிங் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, பஸ்ஸிலே காலுக்கிடையில் வைத்துக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கழுவினாள்.

"மம்மி, பஸ்ஸில இத ஏன் காவுறீங்க? குப்பையில போட்டா முடிஞ்சுது."

"உன்ர அன்ரிக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியும். இது என்ர வேலை. இதையாவது எனக்கு விடு."

டெனிஷா சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு ஏன் அவ்வளவு களைப்பாக இருந்தது என்று றோஸி கேட்கவில்லை.

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு, பிள்ளைகளே. கண்ணைக் குருடாக்கும் என்று சும்மா சொல்வார்கள். குருடாக்கினால் பரவாயில்லை. அது எல்லாவற்றையும் காட்டும், காட்டிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தைத்தான் சொல்லும்.

இரண்டாம் கிழமை தொடங்கியபோது டெனிஷாவின் முகம் வெளிறியிருந்ததை றோஸி பார்க்காமல் இல்லை. ராவிராவாக அந்த மனிசி பக்கத்தில் இருந்து கதைத்து இவளைத் தூங்க விடவில்லை என்று முடிவெடுத்தாள். ஆசையாகச் செய்துகொண்டு வந்த பால்சுறா மீன் வறையை மகள் இரண்டு வாயோடு தள்ளி வைத்தாள். அந்த வீட்டுக் கஞ்சியைக் குடித்து வயிற்றை நிரப்பிவிட்டாள் என்று நினைத்தாள். நெற்றியைத் தொட்டபோது இளஞ்சூடு இருந்தது. ஜன்னலைச் சாத்திவைப்பதும் றலியாவின் வேலைதான் என்று எரிச்சலோடு ஜன்னலைத் திறந்தாள். கீழே கடற்கரை ரயில் போக, கண்ணாடிகள் அதிர்ந்தன. கட்டில் பக்கம் மெல்லியதாக ஒரு கெட்ட மணம். றலியா வீட்டில் உள்ளி வதக்குகிறாள் என்று மூக்கைச் சுளித்தாள்.

எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்வீட்டில் இருந்தது.

அந்தக் கிழமை மிட்வைஃப் மிஸ் வந்தார். சிங்களப் பெண். வெள்ளவத்தையில் பல வருஷம் வீடு வீடாகப் போய்த் தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைக்கப் பழகியவர். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார். பிறகு டெனிஷாவின் பக்கம் திரும்பினார்.

"இரத்தம் எப்படி, மகள்? குறையுதா?"

டெனிஷா வாயைத் திறந்தாள். அதற்குள் றோஸி முந்திவிட்டாள்.

"குறையுது, மிஸ். நான் தானே கழுவுறன். எனக்குத் தெரியாதா?"

"துணியா? எவ்வளவு நனையுது?"

"ஒரு நாளைக்கு மூண்டு, நாலு துணி. அதுவும் முழுக்க நனையாது."

அந்த நேரம் பார்த்து றலியா கஞ்சிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். "மிஸ், ராவைக்கு வந்து..." என்று தொடங்கினாள்.

"கஞ்சி ஆறப் போகுது," என்றாள் றோஸி. "அங்க வையுங்க."

றலியா கோப்பையை வைத்தாள். டெனிஷாவைப் பார்த்தாள். டெனிஷா மிக மெல்லியதாகத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். அந்தப் பார்வையும் தலையசைப்பும் றோஸியின் கண்ணில் விழுந்தன. தனக்குத் தெரியாமல் இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு இரகசியம் இருக்கிறது என்ற நினைப்பில் அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது. அது என்ன இரகசியம் என்று யோசிக்கிற அளவுக்கு அந்தச் சூடு அவளை விடவில்லை.

மிட்வைஃப் எழும்பும்போது சொல்லவேண்டியதைச் சொன்னார். இரத்தம் நாளுக்கு நாள் குறைந்து, நிறமும் மங்கிப் போக வேண்டும். ஒருமுறை குறைந்த பிறகு மறுபடி சிவப்பாக வந்தாலோ, கட்டி கட்டியாக விழுந்தாலோ, கெட்ட மணம் இருந்தாலோ, காய்ச்சலோ தலைச்சுற்றோ வந்தாலோ காத்திருக்க வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. றோஸி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. பக்கத்தில் டெனிஷா பிள்ளையின் விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் மனம் வராது. தாய்க்கு இரவுச் செய்தி தெரிந்தால் முதல் சண்டை அன்ரியோடுதான் என்று அவளுக்குத் தெரியும். சண்டை வந்தால் அன்ரி வரமாட்டாள், ராவுக்கு ஆளில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பவும் வார்ட்டில் போட்டுவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. பிள்ளை பெற்றால் இரத்தம் போகும்தானே, இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நிற்கும் என்று நாளைத் தள்ளினாள். "மம்மியிட்டச் சொல்லாதீங்க, அன்ரி," என்று றலியாவிடம் கையைப் பிடித்துக் கேட்டும் வைத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து விடியவே மழை. றேமண்டைப் பார்க்க அவருடைய தங்கை யூஜினா வந்திருந்ததால் றோஸி வழமையை விட நேரத்தோடு புறப்பட்டாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நாலாம் மாடிக்கு ஏறினாள். மகளின் கதவைச் சாத்திக்கொண்டு றலியா வெளியே வந்தாள். கையில் குப்பைப் பை. நிறைந்து, முடிச்சுப் போட இடமில்லாமல், பக்கவாட்டில் கிழிந்திருந்தது. கிழிசலால் கடதாசியில் சுற்றிய ஒன்று எட்டிப் பார்த்தது. கடதாசி ஊறிச் சிவந்திருந்தது.

"இதென்ன?" என்றாள் றோஸி.

"குப்பை."

"ஆர்ட குப்பை?"

றலியா பையைப் பின்னால் எடுத்தாள். அந்த மறைப்புத்தான் றோஸியைக் கிளப்பியது.

"பேட். நான் கண் குத்தக் குத்த அயர்ன் பண்ணிக் கொண்டு வாறன். அதை அங்கால போட்டுட்டு உங்கட பேட்டா?"

"ராவைக்கு உங்கட துணி பத்தாது, றோஸி."

"பத்தாதா? நாலு துணி நான் கழுவுறன். நாலு. உங்களுக்கு என்ன தெரியும்? என்ர பிள்ளைட இரத்தம் எனக்குத் தெரியும். நான் பாக்கிறன் அவளை."

றலியாவும் மனிசிதானே. அத்தனை நாள் வாயை மூடி இருந்தவள். அன்றைக்கு அவளுக்கும் பொறுக்கவில்லை.

"நீங்க பாக்குற எண்டு செல்லாதீங்க. நாலு துணி கழுவுற எண்டு பெரும அடிக்கிற. ஒவ்வொரு சுபஹுக்கும் நான் இந்தப் பைய நெறச்சிக் கீழ கொண்டுபோய்ப் போடுற. ராவெல்லாம் முழிச்சி மாத்துற நான். உங்களுக்கு மட்டுமா புள்ள?"

றோஸி இதற்கும் மேலான ஒரு பதிலை நாக்கின் நுனிக்குக் கொண்டு வந்துவிட்டாள். அது அங்கேயே நின்றுவிட்டது. அவள் கண் பையில் இருந்தது.

"ஒவ்வொரு விடியவுமா?"

"ஓம்."

"இவ்வளவா?"

"முந்திக் கொஞ்சம். இப்ப கூட." றலியாவின் குரலும் இறங்கியது. "நேத்து ராவு கட்டியும் விழுந்த. நான் நெனச்ச, பகலைக்கு ஒண்டும் இல்லாம ஈக்கும், படுத்துக் கெடந்து எழும்புறதால ராவுல சேந்து வருது எண்டு. பெத்த உம்மா பகல்ல பாக்குற, அவ மிஸ்ஸுக்குக் குறையிற எண்டு சென்ன..."

"பகல்லயும் நாலு துணி," என்றாள் றோஸி. "நான் நினைச்சன் அவ்வளவுதான் எண்டு."

மாடிப்படியில் மழைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் தங்கள் தங்கள் பாதியைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் நின்றதை அப்போதுதான் கண்டார்கள். தன் பாதி சின்னதென்று றோஸி நினைத்தாள். தன் பாதி தாங்கக்கூடியது என்று றலியா நினைத்தாள். இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு என்று கேட்க அந்த வாசலில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. மகளில் தனக்கு எத்தனை பங்கு, மற்றவளுக்கு எத்தனை பங்கு என்ற போட்டியில் மகளின் இரத்தமும் பங்காகிப் போயிருந்தது.

உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

டெனிஷா குளியலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல். உதட்டில் நிறமில்லை. தரை முழுக்கச் சிவப்பு. "மம்மி, எழும்ப ஏலாம இருக்கு," என்றாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

றலியா அம்புலன்ஸுக்கு அடித்தாள். போனில் சொன்னதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, றோஸி செய்தாள். நிமிர்த்தாமல் படுக்க வைத்தார்கள். காலுக்குக் கீழே தலையணை அடுக்கி உயர்த்தினார்கள். போர்த்தினார்கள். மகளின் உதடு காய்ந்திருப்பதைக் கண்டு றோஸி தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள்.

"குடுக்க வாணாம். தியேட்டருக்கு எடுக்க வேண்டி வரலாமாம், வயிறு வெறுமையா ஈக்கோணுமாம்."

வேறொரு நாளாக இருந்தால் றலியா வேண்டாம் என்றதற்காகவே றோஸி கொடுத்திருப்பாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பையையும் எடுக்கட்டாம். உங்கட துணியயும். டொக்டர் பாக்கோணுமாம் எவ்வளவு போயிருக்கு எண்டு."

அம்புலன்ஸ் வந்தது. ஒரு பெண்ணும் ஒரு பையனும். அந்தப் பெண் டெனிஷாவின் நாடியைப் பிடித்தாள், அடிவயிற்றில் கை வைத்து அழுத்தினாள். கருப்பை இளகிக் கிடக்கிறது என்று பையனிடம் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். டெனிஷா முனகினாள். கையில் ஊசி ஏற்றிச் சேலைன் போட்டார்கள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். ஸ்ட்ரெச்சரைப் படியால் இறக்க, பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு றலியா பின்னால் வந்தாள். வண்டிக்குள் ஏற்றிய பிறகு பையன் திரும்பினான்.

"ஒராள்தான் வரலாம். அம்மா யார்?"

"நான்," என்றாள் றோஸி. காலை எடுத்து வண்டியின் படியில் வைத்துவிட்டாள்.

வண்டிக்குள்ளிருந்து அந்தப் பெண் கேட்டாள். "எப்ப இருந்து இப்படி? ராத்திரி எத்தனை தரம் மாத்தினது? கட்டி எவ்வளவு பெரிசு? மணம் எப்ப வந்தது?"

றோஸி வாயைத் திறந்தாள். அவளிடம் இருந்தது பகல் மட்டும், அதுவும் எதிர்வீட்டைக் குறை சொல்வதிலேயே பார்க்காமல் போன பகல். ஸ்ட்ரெச்சரில் மகளின் கை வெளியே தொங்கியது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போவதற்காக அவள் இந்த உலகத்தில் எதையும் கொடுப்பாள். ஆனால் கை பிடிப்பதால் அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் வராது.

அவள் காலைக் கீழே எடுத்தாள். றலியாவிடமிருந்து பிள்ளையை வாங்கினாள்.

"நீங்க ஏறுங்க, ராத்தா. ராவு உங்களுக்குத் தான் தெரியும். ஒண்டும் விடாமச் சொல்லுங்க."

அக்கா என்கிற அந்த 'ராத்தா'வை றலியா அவள் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதலில் கேட்டாள். பிறகு பையோடு ஏறினாள். கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த மாடி ஷிப்லியின் த்ரீவீலரில், மடியில் பேத்தியோடும் காலடியில் பிள்ளைப் பையோடும், றோஸி பின்னால் போனாள். காலி வீதி முழுக்க மழை நாளின் நெரிசல். அம்புலன்ஸ் சத்தம் போட்டு வழி எடுத்துக்கொண்டு முன்னால் போய் மறைந்தது. உயிர் போகிற நேரத்தில் பொறாமை போய்விடும் என்று நினைக்கிறீர்களா? போகவில்லை. அம்புலன்ஸுக்குள் இப்போது மகளின் கை றலியாவின் கைக்குள் இருக்கும், கண் திறந்தால் முதலில் அவளைத்தான் காணும் என்று நினைத்து நினைத்து வெந்தாள். வெந்துகொண்டே, அந்த மனிசி எதையும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று மாதாவிடம் கெஞ்சினாள். பிள்ளை பாலுக்கு அழுதது. சுண்டுவிரலைச் சூப்பக் கொடுத்து அடக்கினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் கிறிஸ்ரி, செய்தி கேட்டு வேலை உடுப்போடு ஓடி வந்து நின்றான். உள்ளே டெனிஷாவின் இரண்டு கையிலும் ஊசி. ஒன்றில் இரத்தம் ஏறியது, மற்றதில் கருப்பையைச் சுருக்குகிற மருந்து. டொக்டர் இளம் பெண், மட்டக்களப்புத் தமிழ். பையையும் துணியையும் பார்த்திருந்தாள், ஸ்கேனும் செய்திருந்தாள்.

"நச்சுக்கொடியில சின்னத் துண்டொண்டு உள்ளுக்க ஒட்டிக்கிடக்கு," என்றாள். "வெளிய வந்த கொடியை முழுசா எண்டு பார்த்துத்தான் அனுப்புவாங்க. பார்த்தாலும் சில நேரம் இப்படித் துண்டு தப்பி நிக்கும். கருப்பை தன்னைத் தானே இறுக்கித்தான் இரத்தக் குழாயை மூடுறது. நடுவுல துண்டு நிண்டா இறுக்க ஏலாது. கதவுக்குள்ள செருப்பு அகப்பட்ட மாதிரி. இப்ப அதில கிருமியும் பிடிச்சிருக்கு. அதுதான் காய்ச்சலும் மணமும்."

"சாப்பாட்டால இல்லையா?" என்று றோஸி கேட்டாள். கேட்டபோது றலியாவின் பக்கம் பார்க்கவில்லை.

"என்ன சாப்பாடு? இல்லம்மா. பிள்ளை பிறந்த உடனே வாற பெருக்கு, அநேகமாக் கருப்பை களைச்சுச் சுருங்காம விடுறதால. உள்ளுக்க கிழிஞ்சிருந்தாலும் வரும், இரத்தம் உறையாத ஆக்களுக்கும் வரும். அதுக்கும் பரிசோதிக்க இரத்தம் எடுத்திருக்கம். இவவுக்குத் துண்டுதான். தியேட்டர்ல வச்சு எடுக்கப் போறம்." அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். "இரவுக் கதை இந்த அம்மா வடிவாச் சொன்னா. நல்லதாப் போச்சு. பகல்ல பார்த்தது ஆர்? மிட்வைஃபுக்குக் குறையுது எண்டு சொல்லியிருக்கு."

கிறிஸ்ரி நின்றான். தாதி நின்றாள். றலியாவுக்குப் பதில் தெரியும், ஆனால் அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சொன்னன்," என்றாள் றோஸி. "பாதியைப் பார்த்துட்டுச் சொன்னன். மற்றப் பாதியைச் சொல்ல வந்தவவையும் சொல்ல விடல்ல."

"சரி. இனி முழுசாச் சொல்லுங்க," என்று டொக்டர் தியேட்டருக்குப் போய்விட்டாள்.

காத்திருந்த நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வாங்கில் இரண்டு பேர், நடுவில் பிள்ளை. வார்ட்டில் கொடுத்த பாலைக் கோப்பையிலிருந்து கரண்டியால் பருக்கினார்கள். ஒருத்தி தலையைப் பிடிக்க ஒருத்தி பருக்கினாள். யார் பருக்குவது என்பதிலும் ஒரு சின்ன இழுபறி இருந்தது. றோஸிதான் வென்றாள்.

பின்னேரம் டெனிஷாவை வார்ட்டுக்குக் கொண்டு வந்தார்கள். துண்டு வந்துவிட்டது, இரத்தம் நின்றுவிட்டது, கருப்பை இறுகிவிட்டது என்று சொன்னார்கள். இன்னும் சில நாள் மருந்து ஏற வேண்டும். ஒரு நேரத்தில் ஒராள்தான் உள்ளே. இந்த முறை றோஸி போனாள்.

முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. தாதி றோஸியின் கையைப் பிடித்து மகளின் தொப்புளுக்குக் கீழே வைத்து அமத்திக் காட்டினாள். உள்ளே இறுகிய ஒன்று, தேங்காய்க் குரும்பை மாதிரி. "இப்பிடி இறுக்கமா இருக்கோணும், அம்மா. இளகினா எங்களைக் கூப்பிடுங்க," என்றாள். றோஸி கையை எடுக்கவே இல்லை.

டெனிஷா கண் திறந்தாள். "மம்மி."

"என்ர பிள்ளை."

"அன்ரி எங்க?"

இவ்வளவுக்குப் பிறகும் அந்த முள் அதே இடத்தில்தான் குத்தியது. "வெளியில. பிள்ளையோட."

"கோபமா?"

"ஓம்."

"அன்ரியோடயா, என்னோடயா?"

"ரெண்டு பேரோடயும்." மற்றக் கையால் மகளின் தலைமயிரை ஒதுக்கினாள். "என்னோடயும்தான். நீ ஏன் எனக்குச் சொல்லல்ல, டெனி?"

"சொன்னா நீங்க அன்ரியோட சண்டைக்குப் போவீங்க."

றோஸிக்கு அது உண்மை என்று தெரியும். போயிருப்பாள். போர்வையை இழுத்துவிட்டாள். இழுக்கும் சாட்டில் கீழே பார்த்தாள், தன் கண்ணாலேயே. சின்னப் பொட்டு மட்டும்.

வெளியே வந்து றலியாவுக்கு முன்னால் நின்றாள்.

"வீட்டுக்கு வந்தாப் பிறகும் ராவு நீங்கதான்," என்றாள். கேட்கிற குரலில் இல்லை, ஒரு வழக்கைத் தீர்க்கிற குரலில். "பேட்டே போடட்டும், துணி வேணாம். ஆனா விடிய நான் வரும்வரைக்கும் ஒண்டும் எறியப்படாது. எனக்குக் காட்டோணும். பின்னேரம் நான் போகேக்க உங்களுக்குக் காட்டுவன். ஆஸ்பத்திரியில மிஸ்மார் டியூட்டி மாறேக்கச் செய்யிற மாதிரி. கோபம் எண்டாலும் காட்டோணும்."

"கோவம் எண்டாலும்," என்று றலியா ஒத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். "நான் செல்லாம உட்டது என்ட பிழை. வாக்குக் குடுத்த எண்டு வாய மூடிட்டு இருந்த."

"நான்தானே மூட வச்சது. போய்ப் பாருங்க. உங்களைத்தான் கேக்கிறா." பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "கனநேரம் நிக்காதீங்க. களைப்பு அவளுக்கு."

றலியா போனாள். கதவில் கைப்பிடிக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. றோஸி அதைப் பார்க்கக் கூடாது என்று இரண்டு தரம் வாங்கில் உட்கார்ந்தாள். மூன்றாம் தரம் எழும்பிப் போய்ப் பார்த்தாள். றலியா குனிந்து டெனிஷாவின் காதில் ஏதோ சொன்னாள். டெனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோகுது என்று கையைக் காட்டிக்கொண்டு, சிரித்தாள். இத்தனை நாளில் றோஸி காணாத சிரிப்பு.

வயிறு எரிந்தது. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கண்ணாடியை விட்டு அசையாமல் நின்றாள். றலியா வெளியே வந்த உடனே கேட்டாள்.

"என்னத்துக்குச் சிரிச்சவ?"

"ஒண்டுமில்ல. சும்மா ஒரு கத."

"சும்மாக் கதை எண்டு இல்ல," என்றாள் றோஸி. வாங்கில் தன் பக்கத்தில் தள்ளி இடம் விட்டாள். "இருந்து சொல்லுங்க. இரத்தத்தை மட்டுமில்ல, சிரிச்சதையும் எனக்குச் சொல்லோணும்."